ஸ்காபா ஃப்ளோவின் குளிர்நீரில் கிடக்கும் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள்: இரும்பைப் பார்ப்பதா, உயிர்களைப் பார்ப்பதா?

நீர்க்காகம் (இழையைத் தொடங்கியவர்)

ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால் உள்ள ஆர்க்னி தீவுகளில், செப்டம்பர் மாதத்தில் ஒரு வாரம் தங்கிப் பன்னிரண்டு முறை கடலடிக்கு இறங்கிவிட்டு வந்திருக்கிறேன். நம் குழுமத்தில் பவளப்பாறைகளைப் பற்றியும் வெதுவெதுப்பான கடல்களைப் பற்றியும் எழுதுபவர்கள் பலர் இருக்கிறார்கள். குளிர்நீரில் கிடக்கும் கப்பல்களைப் பற்றி யாரும் எழுதிய நினைவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர் 1918 நவம்பரில் நின்றதும், ஜெர்மானியக் கடற்படையின் 74 கப்பல்கள் ஸ்காபா ஃப்ளோ என்னும் தீவு சூழ்ந்த உள்கடலில் காவலில் வைக்கப்பட்டன. 1919 ஜூன் 21ஆம் நாள் காலையில் பிரிட்டிஷ் கப்பற்படை பயிற்சிக்காக வெளியே சென்றிருந்தபோது, ஜெர்மானியத் தளபதி லுட்விக் ஃபான் ராய்ட்டரின் உத்தரவுப்படி மாலுமிகளே அடித்தள வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். மாலைக்குள் 52 கப்பல்கள் மூழ்கிவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை பிற்பாடு மேலே தூக்கப்பட்டு இரும்புக்காக உடைக்கப்பட்டன. எஞ்சியிருக்கும் பெரிய கப்பல்கள் ஏழு: கோனிக், மார்க்கிராஃப், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் ஆகிய மூன்று பெரும் போர்க்கப்பல்களும், கோல்ன், டிரெஸ்டன், கார்ல்ஸ்ரூஹெ, ப்ரும்மர் ஆகிய நான்கு குரூசர்களும்.

நான் முதலில் இறங்கியது கோல்னில். மிதவையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பச்சை நீருக்குள் இறங்கும்போது பதினைந்து மீட்டர் வரை ஒன்றுமே தெரியவில்லை. இருபதைத் தாண்டியதும் கீழே ஒரு தரை தெரிந்தது. அது கடற்படுகை இல்லை, கப்பலின் இடப்பக்கச் சுவர். 155 மீட்டர் நீளமுள்ள கப்பல் தன் வலப்பக்கமாகச் சாய்ந்து 36 மீட்டர் ஆழத்தில் படுத்திருப்பதால் சுவர் தரையாகவும், தளம் செங்குத்தான சுவராகவும் மாறிவிட்டன. அந்தச் சுவரின் விளிம்பைத் தாண்டித் தளத்தின் பக்கமாக இறங்கி டார்ச்சை அடித்த மறுகணம், அதுவரை சாம்பல் பூசியதுபோல் இருந்ததெல்லாம் வெள்ளையும் செம்மஞ்சளுமாக எரிந்தது. இரும்பு இருந்த இடம் தெரியாத அளவுக்குப் பூக்கள் மூடியிருந்தன. கவசமிட்ட கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும், 15 செ.மீ. பீரங்கியையும் தேடிப் போனவன், ஒரு குழாயின் வாயில் கொடுக்குகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கருநீல இறால் ஒன்றைப் பார்த்துக்கொண்டே நேரத்தைச் செலவழித்துவிட்டேன். பீரங்கியை அந்த முறை பார்க்கவேயில்லை.

என்னோடு வந்த குழுவில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒரு கட்சி கப்பலின் வரைபடத்தை மனப்பாடம் செய்து வந்து பாகங்களைத் தேடியது, மற்றொன்று ஒரு சதுர மீட்டருக்குள் அரைமணி நேரம் நின்றது. இரவு உணவு மேசையில் இந்தச் சண்டை தினமும் நடந்தது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கல்லடிப் பாலம்

நல்ல பதிவு. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. 28 டிகிரி நீரில், மெல்லிய உடையோடு, மீன் கூட்டங்களுக்கு நடுவே நான் அதைப் பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க, பதின்மூன்று டிகிரி நீரில் நடுங்கிக்கொண்டு, பத்து மீட்டருக்கு மேல் தெரியாத பச்சைக் கலங்கலில் துருப்பிடித்த இரும்பைத் தடவிப் பார்ப்பதற்கு ஒருவர் ஏன் இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டும்? வீம்புக்குச் செய்யும் காரியமாகவே எனக்கு இது படுகிறது.

நீர்க்காகம்

வீம்பு கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன், அண்ணா. ஆனால் நடுக்கம் இல்லை, அதாவது முதல் நாளைத் தவிர.

காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக நீர் உடம்பின் சூட்டை உறிஞ்சுகிறது. எனவே அங்கே யாரும் நம் ஊரில் அணிவது போன்ற ஈர உடையில் இறங்குவதில்லை, டிரைசூட்டில்தான் இறங்குகிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள, உள்ளே கம்பளிபோன்ற தடித்த உடை உலர்ந்தபடியே இருக்கும். இறங்க இறங்க நீரழுத்தம் அந்த உடையை உடம்போடு சேர்த்து நசுக்கும் என்பதால், சிலிண்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உடைக்குள் விட வேண்டும். ஏறும்போது அதே காற்று விரியும், அதைத் தோளருகே உள்ள வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். தலைகீழாகிவிட்டால் காற்றெல்லாம் காலுக்குப் போய், பலூன் கட்டியதுபோல் மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். இதற்குத் தனிப் பயிற்சி இல்லாமல் போகவே கூடாது.

முதல் நாள் நடந்தது என் தவறுதான். உள்ளுடையின் காலர் கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒரு விரல்கடை அளவுக்கு மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பத்து மீட்டரில் முதுகுத்தண்டின் வழியே ஒரு நூல்போல் குளிர் இறங்கியது, இருபத்தைந்தில் இடுப்பு வரை நனைந்துவிட்டது. திரும்பலாம் என்று கைச்சாடை காட்டிவிட்டு ஏறினேன். படகில் கொடுத்த தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க முடியாமல் முழங்காலில் வைத்துக் குடித்தேன்.

மற்றொன்று ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை மூச்சுவிட ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவி. சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்த அளவு) அழுத்தத்துக்கு மேல் இருக்கும் காற்று ரெகுலேட்டரின் முதல் நிலையில் 10 பார் அளவுக்கு இறங்கும்போது திடீரென்று விரிந்து கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள நீரும் குளிர்ந்ததாக இருந்தால் உள்ளே பனி கட்டி, வால்வு மூடாமல் காற்று கட்டுக்கடங்காமல் கொட்டத் தொடங்கிவிடும். பத்து டிகிரிக்குக் குறைந்த நீருக்கென்று சோதிக்கப்பட்ட ரெகுலேட்டர்கள் தனியாக விற்கப்படுகின்றன. செப்டம்பரில் 13 டிகிரி என்பதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் ஆறேழு டிகிரியில் இறங்குபவர்கள் இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

செலவைப் பற்றி என்னிடம் நியாயம் ஏதும் இல்லை.

பழைய துறைமுகம்

கப்பல்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. கோல்ன், டிரெஸ்டன், கார்ல்ஸ்ரூஹெ ஆகிய மூன்றும் இரண்டாம் தலைமுறைக் கப்பல்கள். அதே பெயருள்ள முந்தைய கப்பல்கள் 1914 ஆகஸ்டுக்கும் 1915 மார்ச்சுக்கும் இடையில் அழிந்துபோனதால், பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல் புதிய குரூசர்களுக்கு அந்தப் பெயர்களைச் சூட்டினார்கள்.

அந்த வரிசையில் நமக்கு நெருக்கமான பெயர் ஒன்றும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன், அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பலால் வீழ்த்தப்பட்டது. அது நம் பேச்சில் விட்டுச்சென்ற சொல் இன்னும் இருக்கிறது: பொல்லாத ஆளை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம். உயர்நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டும் உண்டு. அதன் பெயரைத் தாங்கிய இரண்டாவது எம்டன் ஸ்காபா ஃப்ளோவில் காவலில் இருந்தது. அதுமட்டுமில்லை, ராய்ட்டரின் தலைமைக் கப்பலே அதுதான். முதலில் ஃப்ரீட்ரிஷ் டெர் க்ரோஸ என்ற பெருங்கப்பலில் இருந்தவரை, கிளர்ச்சி மனநிலையில் இருந்த மாலுமிகள் அறையின் மேல்தளத்தைக் காலால் மிதித்து மிதித்துத் தூங்கவிடாமல் செய்ததால், 1919 மார்ச்சில் அவர் எம்டனுக்கு மாறினார். 'இன்றைய தேதியிட்ட 11ஆம் பத்தி, பெற்றதை உறுதிசெய்க' என்று கப்பல்களை மூழ்கடிக்கச் சொல்லும் சங்கேதக் கொடி ஏறியது எம்டனில்தான்.

நீர்க்காகம் அந்தக் கப்பலைப் பார்த்தாரா என்று அறிய ஆவல்.

நீர்க்காகம்

பார்க்க முடியாது, ஐயா. எல்லாக் கப்பல்களையும் மூழ்கச் சொன்ன எம்டன் தான் மட்டும் மூழ்கவில்லை. பிரிட்டிஷார் அதை இழுத்துக் கரையேற்றிவிட்டார்கள், பிறகு பிரான்சுக்குக் கொடுக்கப்பட்டு அங்கே உடைக்கப்பட்டது. எம்டன் என்ற சொல்லுக்கு நம் ஊர்ப் பொருள் எவ்வளவு பொருந்துகிறது என்று நானும் படகில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். உடன் இருந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல முயன்று தோற்றேன்.

கொட்டலசு

நான் கடலுயிரியல் படித்தவள் என்பதால் ஒரு திருத்தம். முதல் பதிவில் 'பூக்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தவற்றில் ஒன்றுகூடத் தாவரமாக இருந்திருக்காது. அந்த ஆழத்தில், அந்த நீரில், பெரிய பாசிகள் செழிக்க வேண்டிய வெளிச்சமே போதாது. வெள்ளையும் செம்மஞ்சளுமாக நின்றவை பெரும்பாலும் ப்ளூமோஸ் அனிமோன் எனப்படும் கடல் சாமந்திகளாக இருக்க வேண்டும். முப்பது செ.மீ. உயரம் வரை வளர்ந்து, தலையில் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளை விரித்து, நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்னும் விலங்கு அது. ஒரே நிறத்தவை திட்டுத் திட்டாக நின்றனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அது நகரும்போது அடிப்பாகத்திலிருந்து சிறு துண்டுகள் பிய்ந்து நின்றுவிடும், ஒவ்வொரு துண்டும் தனி உயிராக வளரும். வாழை பக்கக்கன்று விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரு பீரங்கிக் குழல் முழுவதும் வெள்ளையும், பக்கத்துத் தூண் முழுவதும் செம்மஞ்சளும் என்று குடும்பம் குடும்பமாக நிற்கும்.

குளிர்நீரில் ஏன் இத்தனை உயிர்கள் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். 28 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் அளவுக்குக் கரையும் ஆக்சிஜன், 10 டிகிரியில் ஏறத்தாழ ஒன்பது கரைகிறது. குளிர்காலப் புயல்கள் அடியிலுள்ள சத்துகளைக் கலக்கி மேலே கொண்டுவருகின்றன, வசந்தத்தில் வெயில் பட்டதும் மிதவை உயிரிகள் பெருகிக் கடலே கூழாகிவிடுகிறது. கல்லடிப் பாலம் குறைசொன்ன அந்தப் பச்சைக் கலங்கல்தான் அத்தனை உயிர்களுக்கும் சோறு. தெளிந்த நீலக் கடல் அழகுதான், ஆனால் அது பட்டினிக் கடல்.

நீர்க்காகம்

திருத்தத்துக்கு நன்றி, அக்கா. நீங்கள் சொன்னபடியே திட்டுத் திட்டாகத்தான் நின்றன. ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். 'செத்தவன் விரல்' என்று ஆங்கிலேயர்கள் அழைக்கும் மென்பவளம் ஒன்று எல்லாக் கப்பல்களிலும் இருந்தது. படங்களில் வெள்ளை வெளேரென்று, பஞ்சுபோல் இருக்கும் என்று பார்த்துவிட்டுப் போனேன். நேரில் அது செம்பழுப்பாக, வழவழப்பாக, அழுக்குப் படிந்த தோல்போல் சுருங்கிக் கிடந்தது. ப்ரும்மரில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். நோயா, மாசா?

கொட்டலசு

இரண்டும் இல்லை, உறக்கம். கோடையின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ டிசம்பர் வரை அந்த உயிரி உணவு உண்பதை நிறுத்தி, எட்டிதழ் போன்ற தன் வாய்களையெல்லாம் உள்ளிழுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் அதன்மேல் பாசியும் நுண்ணுயிர்களும் படிந்து செம்பழுப்பாகிவிடும். உறக்கம் கலைந்ததும் மேல்தோலை அந்த அழுக்கோடு சேர்த்து உரித்துப் போட்டுவிட்டு வெள்ளையாக எழும். நீங்கள் போனது செப்டம்பர், வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

சங்குகுளி

தூத்துக்குடிக்காரன் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சங்கு குளித்தவர்கள், நான் மட்டும் கரையில் வேலை பார்க்கிறேன். தம்பி நீர்க்காகம் இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. அங்கே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எப்படி? எங்கள் அப்பா கடலுக்குள் குளிரைவிட நீவாட்டுக்குத்தான் அஞ்சுவார். அடுத்தது, இத்தனை ஆண்டுகளாக ஆட்கள் இறங்கி ஏறுகிறார்கள் என்றால் பித்தளையும் செம்பும் இன்னுமா அங்கே கிடக்கின்றன? ஒரு திருகாணியாவது எடுத்து வந்தீர்களா?

நீர்க்காகம்

ஜெர்மானியக் கப்பல்கள் கிடக்கும் இடம் தீவுகளுக்கு நடுவே ஒதுங்கியிருப்பதால் அங்கே நீவாடு மிகக் குறைவு, எந்த நேரத்திலும் இறங்கலாம். நீவாடு முழு வேகத்தில் ஓடுவது மேற்கே பர்ரா சவுண்டு என்னும் கால்வாயில். எதிரி நீர்மூழ்கிகள் நுழையாமலிருக்கப் பழைய வணிகக் கப்பல்களைக் குறுக்கே மூழ்கடித்து அந்த வழியை அடைத்திருந்தார்கள். ஓதம் திரும்பும் இடைவேளையில் மட்டும்தான் அங்கே இறங்க முடியும். படகோட்டி கடிகாரத்தையும் நீர்ப்பரப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திடீரென்று 'இப்போது' என்பார், எல்லோரும் வரிசையாகக் குதிக்க வேண்டும். தபார்கா என்ற கப்பல் அங்கே கவிழ்ந்து கிடக்கிறது. ஓட்டைகள் வழியாக வெளிச்சம் தூண் தூணாக இறங்கும் அந்தக் கூட்டுக்குள் நின்றபோது, வெளியே கெல்ப் பாசி முதலில் நேராக நின்றது, பிறகு மெல்லத் தலைசாய்ந்தது. அதுதான் நீவாடு தொடங்கிவிட்டது என்பதற்கான அறிகுறி, உடனே வெளியேறிவிட்டோம். உங்கள் அப்பாவுக்கு அந்த இடம் பிடித்திருக்கும்.

திருகாணி எடுக்கவில்லை. அந்த ஏழு கப்பல்களும் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்கள், பார்க்கலாம், எதையும் எடுத்தால் குற்றம். சட்டம் வருவதற்கு முன்பே நிறைய போய்விட்டது என்பது உண்மைதான். எர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி, அதற்கு முன் ஒரு கப்பலைக்கூடத் தூக்கிய அனுபவம் இல்லாதவர், 1924இல் சிறு கப்பல்களில் தொடங்கி, கவிழ்ந்து கிடந்த பெருங்கப்பல்களின் ஓட்டைகளை அடைத்து, உள்ளே காற்றை அடித்து அப்படியே மிதக்கவிட்டார். எஞ்சியவற்றிலும் உலோகத்துக்காக வெடிவைத்தார்கள். அணுகுண்டுகள் வெடிப்பதற்கு முன் உருக்கிய எஃகில் கதிரியக்க மாசு இல்லை என்பதால், நுண்ணிய அளவுகருவிகளுக்காகவும் இங்கிருந்து எஃகு போயிருக்கிறது. கோனிக்கின் உடல் இன்று வயிறு கிழிந்து கிடப்பதற்குக் கடல் மட்டும் காரணமில்லை.

ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் அதே கடலில் கிடக்கிறது. 1939 அக்டோபர் 14ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று நள்ளிரவில் உள்ளே நுழைந்து அதை வீழ்த்தியதில் 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது கல்லறை, யாரும் இறங்கக் கூடாது. எங்கள் படகு அந்த மிதவையைக் கடந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினோம்.

கல்லடிப் பாலம்

தாங்கள் எழுதியவற்றைப் படித்தபின் 'வீம்பு' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் முதல் கேள்விக்கு என் வாக்கு இரும்புக்கே. சாமந்தியும் இறாலும் எந்தப் பாறையிலும் கிடைக்கும். 1916இல் ஜட்லாண்டுக் கடற்போரில் சுட்ட பீரங்கி வேறெங்கும் கிடைக்காது. அந்தக் கப்பல்கள் ஆண்டுக்கு ஆண்டு இடிந்து விழுகின்றன என்கிறார்கள். அப்படியானால் உயிர்கள் அந்த வரலாற்றின்மேல் படர்ந்து தின்றுகொண்டிருக்கின்றன என்றல்லவா பொருள்? சுத்தம் செய்து காப்பதற்கு வழி இல்லையா?

கொட்டலசு

சுத்தம் செய்தால் விரைவில் போய்விடும். வெறும் எஃகு உப்புநீரில் இருந்தால் ஆக்சிஜன் நேரடியாகப் பட்டுத் துரு வேகமாக உள்ளே இறங்கும். கொட்டலசுகளும் குழாய்ப் புழுக்களும் சுண்ணாம்புக் கூடு கட்டி, அதன்மேல் சாமந்தியும் மென்பவளமும் ஒட்டி, துருவும் சுண்ணாம்பும் கலந்த கெட்டியான மேலோடு ஒன்று காலப்போக்கில் உருவாகிறது. அந்த ஓடு ஆக்சிஜன் உள்ளே போவதைத் தடுத்துத் துருவைத் தாமதப்படுத்துகிறது. யாராவது பிடித்துக்கொள்வதற்காக ஒரு கைப்பிடியைப் பற்றி அந்த ஓட்டைப் பெயர்த்தால் அந்த இடத்தில் துரு மீண்டும் பாய்ச்சலெடுக்கும். நங்கூரம் உரசினாலும் அப்படியே. நீங்கள் வாக்களித்த இரும்பு இத்தனை காலம் நின்றதில் என் கட்சிக்கும் பங்குண்டு.

எந்தப் பாறையிலும் கிடைக்கும் என்பதும் சரியில்லை. அந்த உள்கடலின் நடுப்பகுதி பெரும்பாலும் சேறும் மணலும்தான், ஒட்டிக்கொள்ள வழியில்லை. அங்கே கப்பல்தான் பாறை.

நீர்க்காகம்

கடைசி நாள் இறங்கிய இடத்தைப் பற்றி எழுதினால் இருவருக்கும் பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் தன் பீரங்கிக் கோபுரங்களின் கனத்தால் முழுவதுமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. மேலே நீந்தினால் தெரிவது கப்பலின் வயிறு மட்டுமே, அதில் உருண்டை உருண்டையாகக் கடல் முள்ளெலிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை மேய்ந்த வழியெல்லாம் வழித்த பாத்திரம்போல் வெளுத்திருந்தது. பின்பக்கத்தில் ஓரமாக இறங்கி, 36 மீட்டர் அருகே கப்பலுக்கும் சேற்றுக்கும் இடையிலுள்ள இருண்ட இடைவெளியில் குனிந்து டார்ச்சை அடித்தால் 30.5 செ.மீ. பீரங்கிகள் தெரியும். ஒரு குழலின் தடிமன் என் இரு கைகளுக்குள் அடங்காது. அண்ணா சொன்ன ஜட்லாண்டுப் பீரங்கி அதுதான். என் சிலிண்டரில் இருந்தது நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜனை 30 விழுக்காடாகக் கூட்டிய காற்று. அந்தக் கலவைக்கு 36 மீட்டர்தான் எல்லை, எனவே நான் வெளியே நின்றே பார்த்தேன். தலைக்குமேல் இருபத்தைந்தாயிரம் டன் இரும்பு இருக்கும்போது உள்ளே நுழைய மனமும் வரவில்லை.

பீரங்கியின் மேல், சேறு படாத பக்கத்தில், நட்சத்திர மீனின் உறவினங்களான பிரிட்டில் ஸ்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, முள் நிறைந்த மெல்லிய கைகளை நீரில் உயர்த்தியிருந்தன. குழலுக்குப் பின்னாலிருந்து என் தொடையளவு தடித்த காங்கர் விலாங்கு ஒன்று தலையை நீட்டியது. அது வாழ்நாளில் ஒரே ஒருமுறை, ஆழ்கடலுக்குப் போய் முட்டையிட்டுவிட்டுச் செத்துவிடும் என்று பிறகு படித்தேன். அதுவரை பல ஆண்டுகள் அதற்கு அந்தப் பீரங்கிதான் வீடு. அதைப் பார்க்கும்போது நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் ஏறச் சொல்லிவிட்டது.

கல்லடிப் பாலம்

அப்படியானால் அடுத்த ஆண்டு நான் வருகிறேன். செத்தவன் விரல் விழித்திருக்கும்போது பார்க்க வேண்டும். எந்த மாதம்?

நீர்க்காகம்

மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கம். மே மாதத்தில் மிதவை உயிரிகள் பெருகிப் பார்வைத் தூரம் குறைந்துவிடும் என்று படகோட்டி சொன்னார். ஆனால் மார்ச்சில் நீர் ஏழு டிகிரிதான், அண்ணா. டிரைசூட் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள், இரண்டு ஜோடி உள்கையுறைகள் எடுத்து வாருங்கள், உள்ளுடையின் காலரை நான் சரிபார்க்கிறேன்.